40 ஷில்லிங் குடியானவர்கள்: கிளேர் தொகுதியின் கதை



40 ஷில்லிங். இன்று மாலை நான் பேச வந்திருப்பது இந்தத் தொகையைப் பற்றித்தான். பழைய பிரிட்டிஷ் நாணயக் கணக்கில் 40 ஷில்லிங் என்றால் 2 பவுன். ஓர் ஆண்டுக்கு 2 பவுன். அயர்லாந்தில் ஒரு குடியானவன் வாக்காளனா, இல்லையா என்பதை அந்த 2 பவுனை வைத்துத்தான் சட்டம் தீர்மானித்தது. அந்த 2 பவுன் குடியானவர்கள் ஒரு தேர்தலில் பிரிட்டிஷ் அமைச்சர் ஒருவரைத் தோற்கடித்தார்கள். அவர்கள் பெற்ற வெற்றியால் ஒரு நாட்டின் கத்தோலிக்கர்களுக்கெல்லாம் நாடாளுமன்றக் கதவு திறந்தது. கதவு திறந்த அதே நாளில், திறந்தவர்களின் கையிலிருந்து வாக்கு பிடுங்கப்பட்டது.

நடந்த இடம் கிளேர். அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிற ஒரு கவுண்டி. நம் வழக்கில் சொன்னால் ஒரு மாவட்டம். ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல். தெற்கே ஷானன் ஆறு விரிந்து கடலில் கலக்கிற கழிமுகம். வடக்கே பர்ரென் என்ற சுண்ணாம்புக்கல் பரப்பு. மண்ணைவிடப் பாறை அதிகம். நடுவில் என்னிஸ் என்ற சிறு நகரம். இந்தக் கவுண்டியின் பெயரில் இருந்த தொகுதி, 1801 முதல் 1885 வரை லண்டனில் உள்ள காமன்ஸ் சபைக்கு 2 உறுப்பினர்களை அனுப்பியது. 1885-இல் அந்தத் தொகுதி இல்லாமல் போயிற்று.

கிளேர் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு அயர்லாந்து விடுதலைத் தலைவர் டி வலேரா நினைவுக்கு வருவார். 1917-இல் சிறையிலிருந்து வெளிவந்த சில வாரங்களில் கிழக்குக் கிளேர் இடைத்தேர்தலில் 2,035 வாக்குகளுக்கு எதிராக 5,010 வாக்குகள் பெற்று வென்றார். அது பெரிய கதை. ஆனால் அது தொகுதி உடைந்த பிறகு நடந்த கதை. நான் சொல்ல வந்தது அதற்கும் முந்தியது. அதில் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பெயரே கிடையாது.

1801-இல் அயர்லாந்தின் தனி நாடாளுமன்றம் மூடப்பட்டு, அந்த நாடு லண்டனோடு இணைக்கப்பட்டது. அயர்லாந்து மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அதிகாரமும் நிலமும் பெரும்பாலும் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர்களிடம். கத்தோலிக்கர்களுக்கு 1793-இல் வாக்குரிமை கிடைத்திருந்தது. ஆனால் அவர்கள் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது. ஏன்? உட்காருமுன் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். கத்தோலிக்கப் பூசையும் புனிதர்களை வேண்டுவதும் மூடநம்பிக்கை, விக்கிரக வழிபாடு என்று வாயால் சொல்ல வேண்டும். தன் தாய் முழங்காலிட்டு வேண்டிய வேண்டுதலை விக்கிரக வழிபாடு என்று எந்த மகன் சொல்வான்? யாரும் சொல்லவில்லை. அதனால் யாரும் உள்ளே போகவில்லை.

வாக்கு உண்டு, இருக்கை இல்லை. அந்த வாக்காவது அவர்களுடையதா?

அதைச் சொல்ல வேண்டுமானால் 40 ஷில்லிங் கணக்கைப் பார்க்க வேண்டும். குத்தகைப் பணம் போக, ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள நிலத்தை ஆயுள்குத்தகையாக வைத்திருப்பவனுக்கு வாக்கு உண்டு. குறிப்பிட்ட ஆட்கள் உயிரோடு இருக்கும்வரை செல்லுபடியாகும் குத்தகைச் சீட்டு இருந்தால், அவன் நிலத்துக்கு உரியவன் போலக் கணக்கில் சேர்க்கப்படுவான். இதில் நிலக்கிழார்கள் ஓர் ஆதாயம் கண்டார்கள். நிலத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக் குடியானவர்களுக்கு ஆயுள்குத்தகை எழுதிக்கொடுத்தால், ஒவ்வொரு துண்டும் ஒரு வாக்கு. ஒரு குடிசை, அதைச் சுற்றிக் கொஞ்சம் உருளைக்கிழங்கு, அதில் ஒரு வாக்கு. கையில் எத்தனை வாக்கு என்பதுதான் அங்கே நிலக்கிழாரின் அந்தஸ்து.

அப்போது வாக்கு மறைவானது அல்ல. தேர்தல் நாளில் குடியானவன் எல்லார் எதிரிலும் நின்று, யாருக்கு என்று உரக்கச் சொல்ல வேண்டும். எழுத்தர் அதை ஏட்டில் எழுதிக்கொள்வார். எதிரே நிலக்கிழாரின் காரியஸ்தர் நின்றுகொண்டிருப்பார். குத்தகை பாக்கி எவ்வளவு என்பது காரியஸ்தருக்குத் தெரியும். அது அவருக்குத் தெரியும் என்பதும் குடியானவனுக்குத் தெரியும். பிறகு எந்த வாய் மாற்றிச் சொல்லும்? குடியானவர்களை நிலக்கிழார்கள் கூட்டமாக ஓட்டிக்கொண்டு வந்து வாக்களிக்கச் செய்ததும், கூட்டமாகவே திருப்பி ஓட்டிக்கொண்டு போனதும் அன்று யாரும் ஒளித்துச் செய்த காரியம் அல்ல. அதுதான் நடைமுறை.

இந்த நடைமுறையை உடைக்க ஒருவர் வந்தார். டேனியல் ஓகானல். கெர்ரி கவுண்டிக்காரர், 1775-இல் பிறந்தவர், கத்தோலிக்கர், பெரிய வக்கீல். 1823-இல் கத்தோலிக்கச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதில் ஒரு புதுமை செய்தார். மாதம் ஒரு பென்னி. ஏழையும் தரக்கூடிய ஒரு பென்னி. கோயில் வாசலில் வசூல். நம் ஊர்ப் பெண்கள் உலையில் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துப் பொதுக் காரியத்துக்குக் கொடுத்தார்களே, அது போன்ற ஏற்பாடு. காசு சேர்ந்தது. காசைவிட முக்கியமாக, கொடுத்தவனுக்கு இது என் சங்கம் என்ற எண்ணம் சேர்ந்தது.

1826-இல் வாட்டர்ஃபோர்டு கவுண்டியில் 40 ஷில்லிங் குடியானவர்கள் முதல் தடவையாகத் திமிறினார்கள். பெரெஸ்ஃபோர்டு குடும்பம் அங்கே அசைக்க முடியாத குடும்பம். அந்தக் குடும்பத்து வேட்பாளரைக் குடியானவர்கள் தோற்கடித்தார்கள். வென்றவர் கத்தோலிக்கர்களுக்கு ஆதரவான ஒரு புராட்டஸ்டண்டு. அதாவது அதுவரை போராட்டம் தங்களுக்கு ஆதரவான மாற்றுத் திருச்சபைக்காரரை அனுப்புவதோடு நின்றது. கத்தோலிக்கரே நின்றால் என்ன ஆகும்? அந்தக் கேள்விக்கு 1828 ஜூன் மாதம் இடம் கொடுத்தது. இடம் கிளேர்.

கிளேரின் உறுப்பினர் வில்லியம் வெசி ஃபிட்ஸ்ஜெரால்டு. வெலிங்டன் பிரபுவின் அரசில் வணிகவாரியத் தலைவராக நியமிக்கப்பட்டார். அன்றைய சட்டப்படி, பதவி ஏற்கிற உறுப்பினர் தன் இருக்கையை விட்டு மீண்டும் மக்களிடம் போக வேண்டும். வழக்கமாக அது வெறும் சடங்கு. எதிர்த்து நிற்க ஆளிருக்காது. அதிலும் இவர் நல்ல மனிதர். கத்தோலிக்கர்களுக்கு உரிமை தர வேண்டும் என்று சபையில் வாக்களித்தவர். இவருடைய தந்தை 1799-இல் அயர்லாந்து நாடாளுமன்றத்தை மூடக்கூடாது என்று எதிர்த்துத் தன் உயர்பதவியை இழந்தவர். கத்தோலிக்கர்கள் இவரை எதிர்ப்பதா என்று பலர் தயங்கினார்கள்.

தயக்கம் நியாயமானதே. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. நல்லவர் ஒருவர் நமக்கு எதிரான அரசில் போய் உட்கார்ந்தால், அவருடைய நல்ல குணம் நமக்கா பயன்படும், அந்த அரசுக்கா? சங்கம் முதலில் மேஜர் மக்னமாரா என்ற புராட்டஸ்டண்டு நிலக்காரரை நிற்கும்படி கேட்டது. அவர் மறுத்துவிட்டார். அப்போதுதான் கத்தோலிக்கரே நிற்பது என்ற யோசனை உறுதியாயிற்று. அன்றைய சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் உட்காரக்கூடாது என்றுதான் இருக்கிறது. தேர்தலில் நிற்கக்கூடாது என்று எங்கும் இல்லை. ஓகானலே நின்றார். என்னைத் தேர்ந்தெடுக்கச் சட்டம் தடுக்கவில்லை, அந்த உறுதிமொழியை நான் ஒருநாளும் எடுக்க மாட்டேன், ஆகவே என்னைத் தேர்ந்தெடுத்து அந்த உறுதிமொழியை ஒழியுங்கள் என்பதுதான் அவர் விட்ட வேண்டுகோளின் சாரம்.

ஜூன் கடைசியில் என்னிஸ் நகருக்கு மக்கள் வரத் தொடங்கினார்கள். கவுண்டி முழுவதற்கும் அங்கேதான் வாக்கெடுப்பு. கில்ரஷ் பக்கத்துக் குடியானவன் 40 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடந்தார்கள். வாக்கு இருந்தவர்கள் நடந்தார்கள். வாக்கு இல்லாதவர்களும், பெண்களும், பிள்ளைகளும் கூடவே நடந்தார்கள். சிறிய ஊரில் ஏறத்தாழ 30,000 பேர் கூடியதாகச் சொல்லப்படுகிறது. சுமார் 150 பாதிரியார்கள் வந்து மூலைக்கு மூலை நின்றார்கள். அரசு படையைத் தயாராக வைத்திருந்தது. கலகம் வரும், சுட வேண்டிவரும் என்று காத்திருந்தார்கள்.

கலகம் வரவில்லை. தேர்தல் முடியும்வரை விஸ்கி தொடுவதில்லை என்று மக்கள் கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். அந்தக் காலத்து அயர்லாந்துத் தேர்தல் என்றால் ஆறாக ஓடுவது சாராயம். வேட்பாளர் செலவில் குடி, குடியில் அடிதடி, அடிதடியில் மண்டை உடைதல், இதெல்லாம் தேர்தலின் அங்கங்கள். அத்தனை ஆயிரம் பேர், அத்தனை நாள், குடியில்லாமல், கைகலப்பில்லாமல் தெருவில் இருந்தார்கள். வெற்றி பெற்ற வாக்கு எண்ணிக்கையைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தன்னை அடக்கிக்கொள்கிற கூட்டத்தைக் கண்டுதான் அதிகாரம் முதலில் அஞ்சுகிறது. வெலிங்டன் படை நடத்தியவர். கட்டுப்பாடு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

அந்த நாள்களில் நடந்ததை நேரில் பார்த்தவர் ரிச்சர்டு லேலர் ஷீல். சங்கத்தின் பேச்சாளர், எழுத்தாளர். அவர் எழுதிவைத்த சித்திரங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஓகானலின் பெயரை முன்மொழிந்து ஆதரித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் டாம் ஸ்டீல். கிளேர் நிலக்காரர், புராட்டஸ்டண்டு. என் குடிகளிடம் ஏன் வாக்குக் கேட்டாய் என்று எந்த நிலக்கிழாருக்காவது மனக்குறை இருந்தால் துப்பாக்கியோடு வரட்டும், ஒண்டிக்கு ஒண்டி நிற்கிறேன் என்று அறிவித்தவர். தன் மதத்துக்காரர் அல்லாத மக்களின் உரிமைக்காகத் தன் உயிரைப் பந்தயம் வைத்தவர். பின்னாளில் கையில் ஒன்றுமில்லாமல் 1848-இல் லண்டனில் இறந்தார். அவரைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு.

இன்னொருவர் ஓகார்மன் மேஹன். அப்போது இளைஞர், என்னிஸ்காரர், மிடுக்கானவர். பச்சை நாடாவில் ஒரு பதக்கத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நீதிமன்றக் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருந்தார். அதைக் கழற்று என்று தேர்தல் அதிகாரி உத்தரவிட்டார். கழற்ற முடியாது என்று இவர் சொன்னார். கழற்றவும் இல்லை. இந்த மேஹனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 51 ஆண்டு கழித்து இவர் மறுபடியும் வருவார்.

ஃபிட்ஸ்ஜெரால்டின் பெயரை முன்மொழிந்தவர் டிரோமொலாந்து மாளிகையின் சர் எட்வர்டு ஓபிரையன். பெரிய குலம், பழைய குலம். அவருடைய குடிகள் அவர் பக்கம் நிற்கவில்லை. கோரோஃபின் ஊர்ப் பங்குச் சாமியார் மர்ஃபி ஐரிஷ் மொழியில் பேசினார். அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் ஓகானல் பக்கம் திரும்பினார்கள். சர் எட்வர்டு எல்லார் எதிரிலும் கண்ணீர் விட்டார். ஃபிட்ஸ்ஜெரால்டும் நோயில் கிடந்த தன் முதிய தந்தையைப் பற்றிப் பேசுகையில் தழுதழுத்தார். கேட்ட கூட்டமும் கலங்கியது. எதிரணியின் கண்ணீரையும் நான் சொல்லியாக வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தங்கள் சொல்லைத் தட்டாத மனிதர்கள் ஒரே வாரத்தில் கைவிட்டுப் போனபோது, அது அவர்களுக்குத் துரோகமாகவே பட்டது. அந்த மனிதர்களுக்கும் மனம் ஒன்று உண்டு என்பது அதுவரை அவர்களுக்குத் தோன்றியதில்லை.

ஒரு கேள்வி எழும். நிலக்கிழார் சொன்னதைக் கேட்டவர்கள் இப்போது சாமியார் சொன்னதைக் கேட்டார்கள், அவ்வளவுதானே? அன்றைக்கே லண்டன் பத்திரிகைகள் இப்படிக் கேட்டன. இதில் உண்மை கொஞ்சமும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கோயிலில் கேட்ட சொல்லுக்கு அவர்களிடம் பெரிய கனம் இருந்தது. ஆனால் சாமியாருக்குக் கீழ்ப்படியாவிட்டால் இழப்பது மனநிம்மதி. நிலக்கிழாருக்குக் கீழ்ப்படியாவிட்டால் இழப்பது கூரை. அடுத்த வேளை உருளைக்கிழங்கு. அந்த மனிதன் காரியஸ்தரின் கண்ணெதிரே நின்று, வீட்டில் இருக்கிற பிள்ளைகளை நினைத்துக்கொண்டு, ஓகானல் என்று உரக்கச் சொன்னான். ஒருவர் அல்ல, இருவர் அல்ல.

2,057 பேர் சொன்னார்கள். ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு விழுந்தது 982. ஜூலை 5-ஆம் தேதி ஓகானல் வென்றதாக அறிவிக்கப்பட்டார்.

உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல், உரிமை தரக்கூடாது என்று ஆண்டுக்கணக்காக வாதாடியவர். கிளேருக்குப் பிறகு அவர் கணக்கு மாறியது. இன்று ஒரு கிளேர். அடுத்த பொதுத்தேர்தலில் அயர்லாந்தின் எத்தனை கவுண்டிகள் கிளேர் ஆகும்? அத்தனை கத்தோலிக்கர்களையும் தேர்ந்தெடுத்து, அத்தனை பேரையும் வாசலில் நிறுத்தினால், நாட்டை ஆள்வது எப்படி? வெலிங்டனும் பீலும் இறங்கிவந்தார்கள். மன்னர் நான்காம் ஜார்ஜ் இழுத்தடித்துக் கடைசியில் இணங்கினார். 1829 ஏப்ரல் 13-ஆம் தேதி கத்தோலிக்க உரிமைச் சட்டத்துக்கு மன்னரின் ஒப்புதல் கிடைத்தது. அந்த உறுதிமொழி போயிற்று. கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் உட்காரலாம்.

மணிகள் முழங்கின. வரலாற்றுப் புத்தகங்களில் அத்தியாயம் இங்கே முடிந்துவிடும். அன்பர்களே, நம் அத்தியாயம் இங்கேதான் தொடங்குகிறது.

அந்தச் சட்டத்தோடு கைகோத்து இன்னொரு சட்டமும் அதே நாளில் வந்தது. அயர்லாந்துக் கவுண்டிகளில் வாக்காளராவதற்கு இனி 40 ஷில்லிங் போதாது. 10 பவுன் வேண்டும். 2 பவுன் போய் 10 பவுன். ஒரே கையெழுத்தில் ஐந்து மடங்கு. அயர்லாந்துக் கவுண்டி வாக்காளர் எண்ணிக்கை சுமார் 2,16,000-லிருந்து சுமார் 37,000-ஆகச் சுருங்கியது. ஆறு பேரில் ஐந்து பேர் வாக்கு இழந்தார்கள்.

யார் அந்த ஐந்து பேர்? என்னிஸுக்கு 40 கிலோமீட்டர் நடந்தவர்கள். விஸ்கி தொடாமல் இருந்தவர்கள். காரியஸ்தரின் கண்ணெதிரே பெயரை உரக்கச் சொன்னவர்கள். வெற்றியின் பலன் யாருக்குப் போயிற்று? இனி நாடாளுமன்றத்தில் உட்காரப் போகிற வசதியுள்ள கத்தோலிக்கருக்கு. வக்கீலுக்கு, வணிகருக்கு, பெரிய விவசாயிக்கு. விலை யார் தலையில் விழுந்தது?

அவர்கள் செய்த குற்றம் ஒன்றுதான். நிலக்கிழார் சொன்னபடி வாக்களித்த காலம்வரை 40 ஷில்லிங் வாக்கு நல்ல வாக்காக இருந்தது. அதை வளர்த்ததே நிலக்கிழார்கள்தான். தாங்களாகவே ஒரு தடவை வாக்களித்தார்கள். மறுவருடமே, இவர்கள் ஏழைகள், சுயமாகச் சிந்திக்க மாட்டார்கள், இவர்களுக்கு வாக்கு எதற்கு என்று சட்டம் கேட்டது. சுயமாகச் சிந்தித்ததற்குக் கிடைத்த தண்டனைக்கு, சுயமாகச் சிந்திக்க மாட்டார்கள் என்று காரணம் எழுதினார்கள்.

ஓகானல் என்ன செய்தார்? நான் அவரை மதிக்கிறவன். மதிப்பதனாலேயே இதை மறைக்காமல் சொல்கிறேன். 1825-இல் ஒரு பேரம் பேசப்பட்டபோது 40 ஷில்லிங் வாக்கை விட்டுக்கொடுக்க அவர் ஒப்புக்கொண்டார். 1826-இல் வாட்டர்ஃபோர்டில் குடியானவர்களின் துணிச்சலைக் கண்டபிறகு, தவறு செய்துவிட்டேன் என்று பகிரங்கமாகச் சொன்னார். இனி அவர்களைக் காப்பேன் என்றார். 1829-இல் அதே விலை மறுபடி கேட்கப்பட்டபோது எதிர்த்துப் பேசினார். ஆனால் அதற்காகத் தெருவில் இறங்கவில்லை. கிளேரைத் திரட்டியதுபோல் அயர்லாந்தைத் திரட்டவில்லை. பெரிய கதவு திறக்கிற நேரத்தில் சின்ன மனிதனுக்காக அதை மறிக்க அவர் துணியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? பல இரவுகள் யோசித்திருக்கிறேன். அவரைக் குற்றம் சாட்டுவது எளிது. ஆனால் அந்தக் குடியானவர்கள் இடத்தில் நின்று பார்த்தால், மன்னிப்பது எளிதல்ல.

புதிய சட்டம் வந்ததும் ஓகானல் 1829 மே மாதம் சபைக்குப் போனார். நீங்கள் பழைய சட்டத்தின்கீழ் தேர்வானவர், பழைய உறுதிமொழியை எடுங்கள் என்றார்கள். உறுதிமொழி அச்சிட்ட தாளை வாங்கிப் படித்துப் பார்த்து, பொய்யென்று தெரிந்ததை ஏற்க முடியாது என்று மறுத்துத் திரும்பினார். ஆகவே கிளேரில் மீண்டும் தேர்தல். ஜூலை 30-ஆம் தேதி எதிர்ப்பே இல்லாமல் தேர்வானார். இந்த இரண்டாவது தேர்தலுக்கு 10 பவுன் வாக்காளர் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. 1828-இல் அவரைத் தோளில் சுமந்தவர்கள் பெரும்பாலோர் அந்தப் பட்டியலில் இல்லை.

1830-இல் ஓகானல் வாட்டர்ஃபோர்டு தொகுதிக்குப் போய்விட்டார். கிளேர் மறுபடியும் வழக்கமான தொகுதியாயிற்று. அன்று நிற்க மறுத்த மேஜர் மக்னமாரா 1830 முதல் 1852 வரை அதன் உறுப்பினர். கார்னீலியஸ் ஓபிரையன் என்பவர் நெடுங்காலம் உறுப்பினர். மோஹர் செங்குத்துப்பாறைகளின் உச்சியில் 1835-இல் பயணிகளுக்காக ஒரு கோபுரம் கட்டினார், அது இன்றும் நிற்கிறது.

ஆனால் குடிசைகள் நிற்கவில்லை. வாக்குக்காகத் துண்டு போட்ட நிலத்தில் இப்போது வாக்கு விளையவில்லை. வாக்கு விளையாத குடியானவனால் நிலக்கிழாருக்கு என்ன லாபம்? 1845-இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. பெரும்பஞ்சம். 1841 கணக்கெடுப்பில் கிளேரின் மக்கள் தொகை 2,86,394. 1851-இல் 2,12,440. பத்தே ஆண்டில் நான்கில் ஒருவர் இல்லை. கில்ரஷ் பகுதியில் பஞ்சத்தின் நடுவிலும் குடியானவர்களை வெளியேற்றிக் கூரையைப் பிரித்துப்போட்டார்கள். பஞ்ச நிவாரண அதிகாரியாக அங்கே வந்த கேப்டன் ஆர்தர் கென்னடி, வீடு வீடாக, பெயர் பெயராக அந்த வெளியேற்றங்களை எழுதி மேலே அனுப்பினார். அந்தப் பதிவு இல்லாவிட்டால் இன்று நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அந்தப் பகுதியின் பெரிய நிலக்கிழார்களில் ஒருவர் வாண்டெலூர். அந்தக் குடும்பத்தின் கர்னல் வாண்டெலூர் 1859 முதல் 1874 வரை கிளேரின் நாடாளுமன்ற உறுப்பினர். இதற்கு நான் விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை.

1850-இல் வாக்குரிமை கொஞ்சம் விரிந்தது. 12 பவுன் மதிப்புள்ள நிலத்தில் பயிர்செய்பவருக்கு வாக்கு. குடியானவர்களில் ஒரு பகுதி மறுபடி வாக்காளரானது. எப்படிப்பட்ட வாக்காளர்? 1852 ஜூலை 22-ஆம் தேதியைப் பாருங்கள். சிக்ஸ்மைல்பிரிட்ஜ் என்ற ஊர். காணிங்ஹாம் பிரபுவின் குடிகளைப் பட்டாளம் சூழ்ந்துகொண்டு வாக்களிக்க அழைத்து வருகிறது. எதிரே ஊர்மக்கள், சாமியார்கள். குடியானவனே, மனச்சாட்சிப்படி வாக்களி என்று இவர்கள் கூவுகிறார்கள். தள்ளுமுள்ளு, கல்வீச்சு. சிப்பாய்கள் சுட்டார்கள். குறைந்தது ஆறு பேர் செத்து விழுந்தார்கள். பிரேத விசாரணை நடத்திய ஜூரிகள் இது கொலை என்றார்கள். பிறகு வழக்கு நிலைக்கவில்லை.

1828-இல் தானே நடந்து வந்த மனிதன், 24 ஆண்டு கழித்துத் துப்பாக்கிகளுக்கு நடுவே நடந்து வந்தான். இரண்டு பக்கமும் அவனை இழுத்தார்கள். அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர் யார்? உரக்கச் சொல்லும் வாக்கு இருக்கும்வரை அதைக் கேட்கவே முடியாது. 1872-இல் இரகசிய வாக்குச்சீட்டுச் சட்டம் வந்தது. 1874 பொதுத்தேர்தலில்தான் கிளேர் குடியானவர் முதன்முறையாக யாருக்கும் தெரியாமல் வாக்களித்தார். வாண்டெலூரின் காலம் முடிந்தது. இரண்டு இடங்களும் அயர்லாந்துக்குச் சுயாட்சி கேட்டவர்களுக்குப் போயின.

அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுதான் இந்தத் தொகுதி உயிரோடு இருந்தது. ஆனால் அந்தப் பதினோரு ஆண்டில் என்னென்ன நடந்தது! 1877-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் இருந்த பிரையன் ஓலாக்லனை, அவர் அங்கே இருக்கும்போதே தேர்ந்தெடுத்தார்கள். அவர் விக்டோரியாவின் அட்டர்னி ஜெனரலானார், கிளேர் இருக்கையில் ஒருநாளும் உட்காரவில்லை. இருக்கை காலி என்று 1879-இல் அறிவித்தார்கள். அந்த இடைத்தேர்தலில் வென்றவர் யார்? நினைவில் வைக்கச் சொன்னேனே, பச்சை நாடாவைக் கழற்றாத அந்த ஓகார்மன் மேஹன். இப்போது ஏறத்தாழ எண்பது வயது. இடையில் பல நாடுகளில் சுற்றி, படைகளில் பணியாற்றி, திரும்பி வந்திருந்தார். பின்னாளில் அயர்லாந்தின் பெருந்தலைவரான பார்னெல் அவரை ஆதரித்தார்.

1880 பொதுத்தேர்தலில் மேஹனோடு சேர்ந்து கிளேரின் இரண்டாவது இடத்தை வென்றவர் கேப்டன் வில்லியம் ஓஷே. அவரைப் பார்னெலுக்கு அறிமுகப்படுத்தியவர் இந்த மேஹன்தான். ஓஷேயின் மனைவி கேத்தரினுக்கும் பார்னெலுக்கும் ஏற்பட்ட உறவு, 1890-இல் விவாகரத்து வழக்காகி, அயர்லாந்தின் பெருந்தலைவரைச் சாய்த்தது. அந்தப் பாதையின் ஒரு முனை கிளேரில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அதே 1880-இல் செப்டம்பர் 19-ஆம் தேதி பார்னெல் என்னிஸில் பேசினார். வெளியேற்றப்பட்ட குடியானவனின் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவனை என்ன செய்வது? சுட வேண்டாம். கடையில், சாலையில், சந்தையில், கோயிலில் அவனோடு யாரும் பேச வேண்டாம், தனியே விட்டுவிடுங்கள் என்றார். சில வாரங்களில் மேயோ கவுண்டியில் கேப்டன் பாய்காட் என்ற காரியஸ்தர் மேல் அந்த முறை பிரயோகமாயிற்று. பாய்காட் என்ற ஆளின் பெயர் செயலின் பெயராகி உலகம் முழுவதும் பரவியது. நம் நாட்டில் அந்நியத் துணியைப் பகிஷ்கரித்தவர்களும் அந்த ஆங்கிலச் சொல்லை அறிந்தவர்களே. விஸ்கி தொடாமல் தெருவில் நின்ற 1828-ஆம் ஆண்டுக் கூட்டத்தின் பேரப்பிள்ளைகள்தான் என்னிஸில் பார்னெலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஆச்சரியமே இல்லை.

இப்போது 40 ஷில்லிங்குக்கு வருகிறேன். 1829-இல் பறித்த வாக்கு எப்போது திரும்பி வந்தது?

1884-இல். அந்த ஆண்டுச் சட்டம் கவுண்டிகளில் வீடு வைத்திருக்கிற ஒவ்வோர் ஆணுக்கும் வாக்குரிமை அளித்தது. குத்தகைக் குடியானவன் மட்டுமல்ல, குடிசையில் இருக்கிற கூலியாளும் வாக்காளன். அயர்லாந்தின் வாக்காளர் எண்ணிக்கை மும்மடங்குக்கு மேல் பெருகியது. 55 ஆண்டுகள். 1829-இல் வாக்கை இழந்த இளைஞன் உயிரோடு இருந்திருந்தால் எண்பதைத் தொட்டிருப்பான். பஞ்சத்தில் சாகாமல், கப்பல் ஏறாமல், கில்ரஷ் சாலையில் விழாமல் இருந்திருந்தால்.

அடுத்த ஆண்டே தொகுதிச் சீரமைப்புச் சட்டம் வந்து கிளேரை இரண்டாக வெட்டியது. கிழக்குக் கிளேர், மேற்குக் கிளேர். ஆகவே கிளேர் கவுண்டித் தொகுதியில், வாக்கு திரும்பக் கிடைத்தபின் அந்த ஏழைகள் ஒரு தடவைகூட வாக்களிக்கவில்லை. எந்தத் தொகுதியின் பெயரை உலகறியச் செய்தார்களோ, அந்தத் தொகுதி அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

1885 குளிர்காலத்தில் பொதுத்தேர்தல். மேற்குக் கிளேர் என்றால் கில்ரஷ், கடற்கரை, பஞ்சத்தில் கூரை பிரிக்கப்பட்ட அதே பூமி. ஏறக்குறைய எல்லோரும் கத்தோலிக்கர். பட்டாளம் இல்லை, உரக்கச் சொல்ல வேண்டியதில்லை, காரியஸ்தர் வெளியே நிற்கலாம், உள்ளே வர முடியாது. கூலியாள்கள், மீன்பிடிக்கிறவர்கள், துண்டு நிலக்காரர்கள் முதல் தடவையாகத் தாளில் குறியிட்டு மடித்துப் பெட்டியில் போட்டார்கள். யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? ஜெரமையா ஜோர்டன் என்பவரை. வடக்கே என்னிஸ்கில்லன் ஊர் வணிகர். குடியானவர் உரிமைக்காகப் பேசியவர்.

அவர் கத்தோலிக்கர் அல்ல. மெதடிஸ்டு.